வேலையில்லாத வினைச்சொல்

இந்த ஊரில் துக்கம், கதவில் இருக்கும் தபால் பொந்து வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை, முகம் காட்ட வேண்டியதில்லை. பொந்தின் தகர மூடி ஒருமுறை ஆடி நிற்கும்; மிதியடியின் மேல் ஓர் உறை கிடக்கும். உள்ளே லில்லிப் பூப் போட்ட ஓர் அட்டை. சொல்ல வேண்டியதையெல்லாம் அச்சடித்தவர்களே அதில் சொல்லியிருப்பார்கள். அனுப்புகிறவர் அடியில் பெயரை மட்டும் எழுதினால் போதும். தெருமூலைக் கடையில் இந்த அட்டைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு ஒரு தட்டு, புது வீட்டுக்கு ஒரு தட்டு, கார் ஓட்டும் பரீட்சையில் தேறியவருக்கு ஒரு தட்டு, எல்லாவற்றுக்கும் கீழே சாவுக்கு ஒரு தட்டு. வந்த புதிதில், என்னோடு வேலை செய்த ஒருத்தியின் தாயார் இறந்தபோது, அந்தக் கீழ்த்தட்டில் இருந்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு போய், "இதை எத்தனை மணிக்குக் கொண்டுபோக வேண்டும்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எங்கே கொண்டுபோக வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு இரக்கப்பட்டு ஒரு தபால்தலையைக் கிழித்துத் தந்தார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கராக இருந்த சவரிமுத்துவின் மூத்த மகள் ஸ்டெல்லா. அப்பா பதிவுப் பிரஜை என்பதால் எனக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பாதிப் பேருக்கு எந்த நாடும் கடவுச்சீட்டுத் தராத காலம் அது. கன்னியாஸ்திரிகள் எழுதிக் கொடுத்த பரிந்துரையோடு, எழுபதுகளின் கடைசியில் தாதிப் பயிற்சிக்கு இங்கிலாந்து வந்தேன். இப்போது வடக்கே, நூலாலைகள் எல்லாம் மூடிக் கிடக்கும் ஒரு நகரத்தில், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். லயத்தில் இருந்து தப்பித்து வந்தேன் என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்களாம். இங்கே இருப்பதும் லயம்தான், மாடி வைத்த லயம். அந்த உண்மையை நான் யாருக்கும் எழுதவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் டொரீன். என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர். நான் குடிவந்த அன்று சுடச்சுட ஆப்பிள் கேக்கோடு வந்து, காஸ் கணப்பை எப்படிப் பற்றவைப்பது என்று காட்டிக் கொடுத்தவர் அவர்தான். அந்தக் குளிர்காலத்தில் நான் உயிரோடு இருந்ததற்கு அவர்தான் காரணம். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். என் நாக்கு புரளவில்லை. வாய் 'டொரீன்' என்று சொன்னாலும் மனதுக்குள் ஒவ்வொரு தடவையும் 'அக்கா' என்று சேர்த்துக்கொண்டேன். அவருடைய கணவர் ஃபிராங்க், அதிகம் பேசாதவர். தோட்டத்து மண்ணில் முழங்காலிட்டு வெங்காயம் வளர்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர், ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த வெங்காயங்களுக்கு நடுவிலேயே விழுந்து இறந்துபோனார்.

செய்தி கேட்டதும் வார்டில் என் மேலதிகாரியான சிஸ்டரிடம் போய், "பக்கத்து வீட்டுக்காரரோடு கண்டோல் செய்ய வேண்டும், நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போகலாமா?" என்று கேட்டேன். சிஸ்டர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை சொல்" என்றார். சொன்னேன். "அன்பே, இந்த நாட்டில் யாரும் கண்டோல் செய்வதில்லை. ஓர் அட்டை அனுப்பினால் போதும்" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனாலும் விடுப்புக் கொடுத்தார், அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

கண்டோல் என்ற வினைச்சொல் எங்கள் வீட்டில் ஓர் உறவுக்காரரைப் போல இருந்தது. பழைய துரை ஒருவர் விட்டுப்போன கனமான அகராதி ஒன்று தோட்டத்து ஆபீஸில் இருந்தது. அட்டையைக் கறையான் தின்றுவிட்டது. அப்பா அதில் வினைச்சொற்களாகப் பார்த்துப் பொறுக்குவார். பொறுக்கியதை இரவுச் சாப்பாட்டில் எங்களுக்குப் பரிமாறுவார். "கன்சோல்னா துக்கத்தக் கொறைக்கிறது. கண்டோல்னா துக்கத்துல பங்கு எடுத்துக்கிறது. ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒருத்தர கன்சோல் பண்ணலாம். ஆனா ஒருத்தர கண்டோல் பண்ண முடியாது. ஒருத்தரோட சேந்துதான் கண்டோல் பண்ண முடியும். பக்கத்துல 'வித்' போடாம அந்த வெர்ப் நிக்காது." அம்மா குழம்புக் கரண்டியோடு, "சோத்து நேரத்துல சாவுப் பேச்சுத்தானா ஒங்களுக்கு?" என்று அதட்டுவார். அப்பா அடுத்த கவளத்துக்குப் போய்விடுவார்.

இங்கே வந்த பிறகுதான் அந்தச் சொல்லின் நிலைமை எனக்குத் தெரிந்தது. அதன் தம்பியான பெயர்ச்சொல்லுக்கு மட்டும் ஊரெல்லாம் வேலை. பத்திரிகையில், மலர்வளையத்தில், அட்டையில் என்று எங்கே பார்த்தாலும் 'கண்டோலன்சஸ்', அதுவும் பன்மையில். அதை அனுப்புவார்கள், தெரிவிப்பார்கள், மற்றவர் மூலம் சொல்லிவிடுவார்கள். செய்வதற்கென்று இருக்கிற வினைச்சொல்தான் வேலை போனவரைப் போல அகராதிக்குள் குந்திக்கொண்டிருக்கிறது. சரி, நாம் மட்டும் என்ன ஒழுங்கு? நாம் அதற்குத் 'துக்கம் கேட்பது' என்று பெயர் வைத்திருக்கிறோம். போகிறோம், உட்காருகிறோம், ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வாயே திறக்காமல் திரும்பி வந்து, "துக்கம் கேட்டுவிட்டு வந்தோம்" என்கிறோம். அவர்களிடம் சரியான சொல் இருக்கிறது, காரியம் இல்லை. நம்மிடம் காரியம் இருக்கிறது, சொல்தான் ஒரு மாதிரி.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பூங்கா வழியாக நடந்து வந்தேன். முந்திய நாள் காற்றில் விழுந்த கிளை ஒன்று புல்லில் கிடந்தது. அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு கட்டையை முறித்து எடுத்துக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள், ஆளுக்கு ஒரு விறகுக் கட்டை கொண்டுபோவார்கள். மலைக் குளிரில் இரவெல்லாம் விழித்திருக்கிறவர்களுக்கு நெருப்பு வேண்டும். துக்கத்தில் இருக்கிறவர்கள் விறகு பொறுக்கப் போகக்கூடாது. எதிரே நாயைக் கூட்டிக்கொண்டு வந்த கிழவர் என் கையைப் பார்த்து, "நல்ல கட்டை. உங்கள் நாய் என்ன இனம்?" என்று விசாரித்தார். நாய் இல்லை என்றேன். அவர் தன் நாயைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

டொரீன் கதவைத் திறந்தபோது ஏப்ரன் கட்டியிருந்தார். உள்ளே இஸ்திரி போட்ட துணிகள் அடுக்கிக் கிடந்தன. வீட்டில் பிரேதம் இல்லை, அதை வேறு எங்கோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்களாம். அடக்கத்துக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறதாம். "வா, வா, கெற்றிலை வைக்கிறேன்" என்றார். கணவனைப் பறிகொடுத்தவள் எழுந்துபோய், வந்தவளுக்குத் தேநீர் போடுகிறாள்! கட்டையைக் கணப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவருடைய இரண்டு கைகளையும் என் கைகளுக்குள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டொரீன் மழையைப் பற்றிச் சொன்னார். பஸ் பிந்தி வருவதைப் பற்றிச் சொன்னார். "உனக்கு ஒன்றும் இல்லையே, ஸ்டெல்லா?" என்றும் ஒருமுறை கேட்டார். நான் வாய் திறக்கவில்லை, அதுதான் மரியாதை. கொஞ்ச நேரத்தில் எழுந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தேன். சாவு வீட்டில் யாராவது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வார்களா? அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடாதா? முதுகுக்குப் பின்னால் டொரீனின் குரல் கேட்டது. "டா-ரா, லவ்?" என்றார். இந்தப் பக்கத்து ஆட்கள் விடைபெறுகிற சொல் அது. கேள்வி மாதிரி ஒலித்தது. நான் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

அதோடு டொரீன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அடக்கத்தின்போது தேவாலயத்தில் என்னைத் தாண்டிப் பார்வையைக் கொண்டுபோனார். பின்வளவில் துணி காயப் போட நான் போனால், அவர் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஓர் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம் கெற்றில் விசிலடிக்கிற சத்தம் தினமும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து தேநீர் குடிப்பது பெரிய தண்டனையாக இருந்தது. என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கு விளங்கவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பின்வளவு வேலிக்கு வந்தார். கையில் அந்த விறகுக் கட்டை. "ஸ்டெல்லா, நான் உனக்கு என்ன செய்தேன்?" என்றார். "நீ வந்தாய். கல்லுப் போல உட்கார்ந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனாய். இந்தக் கட்டையையும் விட்டுப் போனாய். என் அக்கா சொல்கிறாள், இது உங்கள் நாட்டுச் சூனியம் என்று." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கிருந்து தொடங்குவது? எங்கள் தோட்டத்துப் பெரிய துரையின் தாயார் செத்த கதையை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லத் தொடங்கினேன்.

அது எழுபதுகளின் தொடக்கம். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன், கடைசியாக மிஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரில் எங்கள் துரையும் ஒருவர். அவருடைய மனைவி போன வருடமே சீமைக்குத் திரும்பிப் போய்விட்டார். பங்களாவில் துரையும் சமையல்கார அப்புவும் மட்டும்தான். ஒரு பின்னேரம் துரையின் தாயார் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அப்பாதான் அதைப் பங்களாவுக்குக் கொண்டுபோனார். துரை வாசித்துவிட்டு, "நன்றி சவரிமுத்து, வேலையைப் பாரும்" என்றாராம். மறுநாள் விடியற்காலையில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், வழக்கம்போல அரைக்கால்சட்டையும் தொப்பியும் பிரம்புமாக வந்து நின்றார்.

லயமே திகைத்துப் போனது. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் அந்த லயத்தில் ஒருவரும் மலைக்குப் போகமாட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் கருப்பையா மத்தியானமே ஆபீஸ் படிக்கு வந்துவிட்டார்.

"கிளாக்கரய்யா, நெசந்தானுங்களா? தொரையோட தாயி செத்துப் போச்சாமே?"

"ஆமாப்பா. நேத்துத் தந்தி வந்துச்சு."

"அப்ப இன்னைக்கு எப்படிங்க பெரட்டுக்கு வந்தாரு? பெத்தவ செத்தாக்கூட பேர் போடணுமா அந்த மனுசனுக்கு?"

ஒருநாள் கூலிக்கு எங்கள் தோட்டத்தில் 'பேர்' என்று சொல்வோம். அப்பா, "அது அவங்க வழக்கம்பா" என்றார். பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு நின்ற பேச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்தச் சாவுக்கும் முதலாவதாக ஒப்பாரி எடுப்பவள் அவள். "பாவங்க. மாரடிச்சு அழுகக்கூட ஒரு ஒறமொற இல்ல. தொரசாணியும் போயிருச்சு. நம்ம போயித் துக்கம் கேக்கலைன்னா வேற யாருங்க கேப்பா?"

போன மாதம்தான் அரிசியும் மாவும் குறைத்துத் தந்ததற்காக ஆட்கள் பங்களா வாசலில் போய் உட்கார்ந்திருந்தார்கள். கருப்பையாவை இரண்டு வாரம் வேலையில் இருந்து நிறுத்திவைத்தார் துரை. இன்னொரு தடவை கூட்டமாகப் போனால் பெயரை வெட்டி லயத்தைவிட்டே இறக்கிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். "வேணாம்பா. அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல" என்று அப்பா கெஞ்சினார்.

"அவருக்குப் பழக்கமில்லாட்டிப் போகட்டும்ங்க" என்றார் கருப்பையா. "நமக்குப் பழக்கமாச்சே."

கொழுந்து நிறுத்து முடிந்ததும் புறப்பட்டார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் தோளில் துண்டு போட்டிருந்தார்கள். பெண்களோடு அம்மாவும் நானும் நடந்தோம். முன்னால் ஒருவர் தப்பு அடித்துக்கொண்டு போனார். அது இல்லாமல் போனால் செத்தவருக்கு மரியாதை இல்லை. எல்லார் கையிலும் விறகுக் கட்டை. இனிப் பங்களா விறாந்தையில் நிற்கிற துரையின் கண்ணால் பாருங்கள். போன மாதம் சோற்றுக்குச் சண்டை போட்ட அதே கூட்டம், பறை முழங்க, ஆளுக்கொரு கட்டையோடு மலையேறி வருகிறது. துரை பொலிசுக்குப் போன் செய்தார். ஆபீசுக்குப் போன் செய்தார். பன்றி சுடும் துவக்கை எடுத்துக்கொண்டு விறாந்தையில் வந்து நின்றார். அப்பு உள்ளே கதவைத் தாளிட்டுக்கொண்டார். தன் எசமான் வெளியே நிற்பதை அவர் யோசிக்கவில்லை.

அப்பா குறுக்குப் பாதையில் ஓடிவந்து, மூச்சிரைக்கக் கூட்டத்துக்கும் துவக்குக்கும் நடுவில் நின்றார். "இவர்களுக்கு என்ன வேண்டும்?" என்று துரை கத்தினார். "ஒன்றும் வேண்டாம், சார்" என்றார் அப்பா. துரை நம்பவில்லை. இருபது வருட உத்தியோகத்தில், ஒன்றும் வேண்டாமல் யாரும் அந்தப் படிக்கு வந்ததில்லை. அப்போது அப்பா, வாழ்நாளெல்லாம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஒத்திகை பார்த்த அந்த வினைச்சொல்லை எடுத்து வெளியே விட்டார். "தே ஹேவ் கம் டு கண்டோல், சார்."

துரையின் துவக்கு கொஞ்சம் தாழ்ந்தது. "கண்டோல்? அதை யாராவது உண்மையில் செய்கிறார்களா, சவரிமுத்து?" என்றார்.

"வித் யூ, சார்" என்றார் அப்பா. அந்த நிலைமையிலும் 'வித்' போட அவர் மறக்கவில்லை. பிறகு துரை என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னார். துக்கத்துக்கு உரியவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும், வருகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். "இரண்டு கைகளுமா?" என்றார் துரை. இரண்டும் என்றார் அப்பா. இரண்டு கைகளையும் நீட்டுவதென்றால் துவக்கை வைக்கத்தான் வேண்டும். துரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைச் சாய்வு நாற்காலியில் கிடத்தினார்.

முதலில் கருப்பையா ஏறினார். துரை வருகிறார் என்றால் பாதையை விட்டு இறங்கித் தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்கிற மனிதர், அன்று துரையின் கையைத் தொட வேண்டியிருந்தது. கட்டையைப் படியில் வைத்துவிட்டு, துரையின் விரல்களை மெல்லத் தொட்டார். துரையோ அந்தக் கையை இறுகப் பிடித்துக் குலுக்கி, "வந்ததற்கு நன்றி" என்றார். அடுத்தவருக்கும் அப்படியே. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதரைப் போல ஒவ்வொருவருக்கும் கை குலுக்கினார். யாரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பேச்சாயி படிக்குக் கீழே உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்தாள். "கிளாக்கரய்யா, அந்தத் தாயி பேரு என்னங்க? பேரில்லாம எப்படி அழுகறது?" அப்பா கேட்டார். "மார்கரெட். எதற்கு?" என்றார் துரை. எதற்கு என்பது அடுத்த நிமிடம் தெரிந்துபோனது. "மார்க்கிரெட்டாத்தா! வாசப்படியப் பாத்தியே, வந்தானா ஓம் மவன்? கடலுக்கு அந்தாண்ட கெடந்தானே, கடசித் தண்ணி குடுக்கலியே!" பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நாளும் பார்த்திராத மார்கரெட்டுக்காக நானும் அழுதேன், பொய்யாக இல்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று துரை கேட்டார். "உங்கள் தாயார் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், சார்" என்றார் அப்பா. துரையின் முகம் சிவந்தது. "இவளுக்கு அது எப்படித் தெரியும்?" என்றார். "அவளுடைய தாயும் இந்தியாவில் துறையூர்ப் பக்கம் இறந்துபோனாள், சார். அவளாலும் போக முடியவில்லை." துரை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெகு நேரம் திரும்பவில்லை.

பொலிஸ் ஜீப்பும் அதற்குள் வந்துவிட்டது. சிங்கள சார்ஜண்ட் ஒருவர் குண்டாந்தடியோடு குதித்து ஓடிவந்தார். அழுகிற பெண்களைப் பார்த்தார். "மளகெதரத?" என்று அப்பாவிடம் கேட்டார், சாவு வீடா என்று. அப்பா தலையாட்டியதும், தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு அவரும் வரிசையில் சேர்ந்தார். அவருக்கு ஒருவரும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு எல்லாரும் எழுந்து, துரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு சலாமும் இல்லாமல் இறங்கிப் போனார்கள். துரை பதறிப்போனார். "நான் ஏதும் பிழை செய்துவிட்டேனா? ஒருவரும் குட் பை சொல்லவில்லையே!" அப்பா அதற்கும் விளக்கம் சொன்னார். இதற்காக இன்னொரு தடவை உங்களிடம் வர அவர்கள் விரும்பவில்லை, சார் என்றார். அன்று சாயங்காலம் பங்களாப் புகைக்கூண்டில் இருந்து புகை எழும்பியது. லயத்து வாசலில் நின்று பார்த்த பேச்சாயி, "நம்ம வெறகுதான். குளிர் காயிறாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களைத் துரை வழக்கம்போலத் திருப்பி அனுப்பினார். அதிலும் ஒரு மாற்றம் வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் வரவில்லை.

கதை முடிந்தபோது டொரீன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவர் அந்தக் கட்டைகளை எரித்தாரா?" என்றார். எரித்தார் என்றேன். "என்னிடம் காஸ் கணப்புத்தானே இருக்கிறது!" என்று சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ தடம் மாறி, ஃபிராங்க் போனதிலிருந்து வராத அழுகையாக வந்தது. வேலிக்கு மேலாகக் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "நான் நூறு நூறாக அட்டை அனுப்பியிருக்கிறேன், ஸ்டெல்லா. வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்தக் கண்டோலைச் செய்ததில்லை" என்றார். கட்டையைத் திரும்பக் கொண்டுபோய் உள்ளே வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் மார்கழியில் எனக்குத் தந்தி வந்தது. அப்பா இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது. தம்பி அனுப்பியிருந்தான். ஆங்கிலத்தில் இரண்டு பிழைகள். அப்பா பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார் என்று நினைத்தேன். அதைத் திருத்துவதற்கு இனி ஆள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? விடியற்காலையில் எழுந்து, சீருடை போட்டு, தொப்பியைக் குத்திக்கொண்டு வார்டுக்குப் போனேன். கட்டில் கட்டிலாகக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருக்கும்போது கருப்பையாவின் குரல் காதில் விழுந்தது. பெத்தவ செத்தாக்கூட பேர் போடணுமா? துரையை நாங்கள் எல்லாரும் எவ்வளவு பேசினோம்! அந்த மனிதருக்கு வேறு என்ன செய்யத் தெரிந்திருக்கும்? பெரட்டுக்குப் போகாமல், அழ ஆளில்லாத அந்தப் பெரிய வீட்டில் இருந்து என்ன செய்வது?

அட்டைகள் வந்தன. வார்டில் இருந்து, சிஸ்டரிடம் இருந்து, அந்த மூலைக் கடைக்காரரிடம் இருந்துகூட. எல்லாரும் நல்லவர்கள். ஒவ்வொன்றையும் கணப்புக்கு மேலே நிறுத்தி வைத்தேன். ஆனால் தகர மூடி ஆடும்போதெல்லாம் என் கைகள் ஏனோ தாமாக முன்னால் நீண்டன. இரண்டு கைகளையும் தொடுவதற்கு யாராவது வரமாட்டார்களா என்று இருந்தது. லயத்து ஆட்கள் எல்லாம் அங்கே அம்மாவின் கைகளைத் தொட்டிருப்பார்கள். பேச்சாயி அப்பாவின் பெயரைச் சொல்லி அழுதிருப்பாள். இங்கே என் பங்குத் துக்கம் முழுவதும் என்னிடமே இருந்தது.

அப்படி ஒரு பின்னேரம் கதவு தட்டப்பட்டது. டொரீன் நின்றார், கறுப்புக் கோட்டும் கையில் அந்தப் பழைய விறகுக் கட்டையுமாக. "உள்ளே வாருங்கள், கெற்றிலை வைக்கிறேன்" என்று என் வாய் சொன்னது. டொரீன் பெரிதாகத் தலையாட்டி மறுத்தார். கட்டையைக் கணப்பின் முன்னால் வைத்தார். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கைகள் குளிர்ந்திருந்தன, சோப்பு மணத்தன. அவருக்கு மௌனம் என்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இருப்பதைப் போல. மழையும் பஸ்ஸும் உதடு வரைக்கும் வந்து திரும்பிப் போவதை நான் பார்த்தேன். அழுதேன். அப்பாவைப் பற்றித் தமிழில் என்னென்னவோ சொல்லி அழுதேன். டொரீனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. அவர் கையை மட்டும் விடவில்லை.

பிறகு எழுந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைச் சரிசெய்துகொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, வாசலைத் தாண்டி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன். அவர் தெருக் கேற் வரை போனதும், இத்தனை வருடப் பழக்கத்தில், என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"டா-ரா, டொரீன்!"

அந்த முதுகு அப்படியே நின்றது. திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, விரலை 'கூடாது' என்று ஆட்டிவிட்டு, டொரீன் அக்கா தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தேன். காஸ் கணப்பு நீல நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. மேலே அட்டைகள், கீழே விறகுக் கட்டை. அதை எடுத்துத் தட்டிவிட்டு, கணப்பின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தேன். இந்த வீட்டில் அது எரியப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் இரண்டு கைகளையும் அதன் பக்கமாக நீட்டிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.